பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மிஞ்சும் மின்சாரம்

"பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே, இனிமேல் என்ன பயம்?" என்று நம்மவர் பலர் கேட்கிறார்கள். அதற்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

மின்னணுச் சாதனங்களில் கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி, என்றொரு உறுப்பு உண்டு. ஏரி நீரைத் தேக்குவதுபோல் இது மின்னூட்டத்தைத் தேக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் அந்த உச்சம்தான் மின்தேக்கியில் ஏறி நிற்கிறது. அதை வடிக்க ஒரு மின்தடையை உள்ளேயே வைத்திருப்பார்கள். அது பழுதானால் மின்னூட்டம் வடியாமல் காத்துக்கிட்டிருக்கும். கை பட்டால் ஆபத்து. ஓம் அளவில் மீட்டரை வைத்தால் மீட்டரும் போகும்.

ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது தவறான வழக்கம். 2.2 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றில், நன்கு உறையிட்ட இரண்டு கம்பிகளை இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளிலும் 10 விநாடி வையுங்கள். 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சுமார் இரண்டரை விநாடியிலேயே ஏறக்குறைய முழுதும் வடிந்துவிடும். பிறகு மீட்டரை டி.சி. 1000 வோல்ட் அளவில் வைத்துச் சரிபாருங்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பாருங்கள். வடித்த மின்தேக்கியிலும் மின்னழுத்தம் கொஞ்சம் மீண்டும் எழும்பும்.

மைக்ரோவேவ் அடுப்பு வேறு ரகம். அதன் மின்தேக்கியில் 2000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.