விளையாட்டு மகிழுந்து எடைக்குறைப்பு

விளையாட்டு மகிழுந்து எடைக்குறைப்பு என்பது, விரைவாகச் செல்வதற்கென அமைந்த ஒரு மகிழுந்தின் (கார்) நிறையை, பாகங்களை நீக்கியோ, மாற்றியோ, மறுவடிவமைத்தோ குறைக்கும் தொழில்நுட்பச் செயற்பாடு ஆகும். இயந்திரத்தின் திறனைக் கூட்டாமலேயே முடுக்கம், வேகத்தடுப்பு, வளைவில் திரும்பும் ஆற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே மேம்படுத்துவதால், இது தானுந்துப் பந்தயத் துறையின் அடிப்படை உத்திகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் ஒரு மகிழுந்தில் உள்ள எடையின் ஒரு பகுதி பயணிகளின் உயிரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டுள்ளது. எந்த எடை சுமை, எந்த எடை காப்பு என்று பிரித்தறிவதே இத்துறையின் மையச் சிக்கலாகும்.

இயற்பியல் அடிப்படை

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, விசை மாறாதபோது நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். இதை ஒப்பிடத் திறன்-எடை விகிதம் பயன்படுகிறது. எடுத்துக்காட்டாக, 796 கன செ.மீ. கொள்ளளவும் சுமார் 37 குதிரைத்திறனும் கொண்ட பழைய மாருதி 800 மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். வண்டியின் எடை 650 கிலோ, ஓட்டுநரின் எடை 70 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 720 கிலோ. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 51 குதிரைத்திறன் கிடைக்கிறது. இதிலிருந்து 150 கிலோவைக் குறைத்தால் விகிதம் 65 ஆக உயரும். எடையைக் குறைக்காமல் இதே விகிதத்தைப் பெற இயந்திரத்தின் திறன் சுமார் 47 குதிரைத்திறனாக உயர வேண்டும்.

வேகத்தடுப்பின்போது வண்டியின் இயக்க ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் 720 கிலோ நிறையின் இயக்க ஆற்றல் சுமார் 278 கிலோசூல். 570 கிலோ நிறைக்கு இது 220 கிலோசூல். வெப்பம் குறைவதால், பல சுற்றுகள் ஓடும் பந்தயத்தில் பிரேக்குகள் நெடுநேரம் தளராமல் நிற்கின்றன. மேலும், டயரின் மீதுள்ள சுமை கூடக்கூட அதன் பிடிமானக் குணகம் சற்றுக் குறைகிறது. ஆகவே எடை குறைந்த வண்டி, அதே டயர்களைக் கொண்டு வளைவுகளை அதிக வேகத்தில் கடக்கும்.

நேர்ச்சாலையின் உச்ச வேகத்தில் எடைக்குறைப்பின் பயன் மிகக் குறைவு. அங்கு காற்றின் தடையே பெரும்பங்கு வகிக்கிறது.

எடை அமைந்துள்ள இடம்

எவ்வளவு எடை குறைக்கப்பட்டது என்பதைப் போலவே, எந்த இடத்திலிருந்து குறைக்கப்பட்டது என்பதும் இன்றியமையாதது.

* சுழலும் எடை: சக்கரத்தின் விளிம்பில் உள்ள எடை முன்னோக்கி நகர்வதுடன் சுழலவும் வேண்டியுள்ளது. எனவே முடுக்கத்தைப் பொறுத்தவரை விளிம்பில் உள்ள ஒரு கிலோ, வண்டியின் உடலில் உள்ள ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமம்.
* சுருள்வில்லால் தாங்கப்படாத எடை: சக்கரம், டயர், பிரேக் வட்டு ஆகியவை இவ்வகையின. இவை இலேசாக இருந்தால் மேடுபள்ளங்களில் டயர் சாலையை விட்டு எழாமல் ஒட்டி ஓடும்.
* உயரத்தில் உள்ள எடை: கூரை, கண்ணாடி ஆகியவற்றில் குறையும் எடை ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதால், வளைவில் வண்டி சாய்வது குறைகிறது.
* முனைகளில் உள்ள எடை: முன், பின் முனைகளில் உள்ள எடை, வண்டி திசை திரும்புவதை எதிர்க்கிறது. மின்கலத்தை முன்முனையிலிருந்து நடுப்பகுதிக்கு மாற்றினால், எடை குறையாவிடினும் பயன் உண்டு.

முறைகள்

நீக்கல்

செலவு மிகக் குறைந்த முறை இதுவே. பின்னிருக்கைகள், தரைவிரிப்பு, ஒலித்தடுப்புப் பூச்சு, ஒலிபெருக்கிகள், மாற்றுச் சக்கரம் (ஸ்டெப்னி), குளிர்சாதனம் ஆகியன பந்தய வண்டிகளிலிருந்து நீக்கப்படுகின்றன. எரிபொருளும் எடையே. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ளது. ஆதலால் பந்தயத்துக்குத் தேவையான அளவு மட்டுமே நிரப்பப்படுகிறது.

குளிர்சாதனத்தை நீக்குவதற்கு மறுபக்கமும் உண்டு. கோடைக்காலத்தில் மூடிய வண்டிக்குள், தீத்தடுப்பு உடை அணிந்த ஓட்டுநரின் உடல் விரைவில் நீர்ச்சத்தை இழக்கிறது. அதனால் கவனம் சிதறும் இடர் உண்டு.

மாற்றுப் பொருள்கள்

பாகத்தை நீக்க இயலாதபோது, அதே பாகம் இலேசான பொருளால் செய்யப்படுகிறது. முதன்மையான பொருள்களின் அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்குக் கிராம் அளவில், தோராயமாக) வருமாறு:

* எஃகு – 7.85
* டைட்டானியம் – 4.5
* அலுமினியம் – 2.7
* கண்ணாடி – 2.5
* மக்னீசியம் – 1.74
* கரிம இழைக் கூட்டுப்பொருள் – 1.6
* பாலிகார்பனேட்டு – 1.2

அடர்த்தியை மட்டும் கொண்டு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க இயலாது. அலுமினியத்தின் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால், அலுமினியப் பாகம் தடிமனாகச் செய்யப்பட வேண்டும். பாலிகார்பனேட்டுத் தகடு எளிதில் உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், தக்க மேற்பூச்சு இல்லாவிடின் வெயிலில் மஞ்சளாகும். கரிம இழை வலிமை மிக்கது. ஆயினும் விலை மிகுதி. அடிபட்டபின் அதன் உட்சேதம் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

மறுவடிவமைப்பு

மிகுந்த பயன் தரும் முறை இதுவாகும். 1996ஆம் ஆண்டு வெளிவந்த லோட்டசு எலைசு மகிழுந்தின் அலுமினியச் சட்டகம், துண்டுகளைப் பசையால் ஒட்டி உருவாக்கப்பட்டது. அதன் எடை 70 கிலோவுக்கும் குறைவு. ஒரே பாகம் பல பணிகளைச் செய்யும்படி அமைப்பதால், தேவைப்படும் பாகங்களின் எண்ணிக்கையே குறைகிறது.

வரலாறும் பந்தய விதிகளும்

1934ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியப் பெரும் பரிசுப் பந்தயங்களில் வண்டியின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு செர்மனியின் மெர்சிடிசு வண்டி ஒரு கிலோ மிகுந்திருந்ததால் அதன் வெள்ளை வண்ணப்பூச்சு இரவோடிரவாகச் சுரண்டப்பட்டது என்றொரு கதை வழங்குகிறது. இக்கதையின் உண்மைத்தன்மையை வரலாற்றாளர் பலர் ஐயுறுகின்றனர்.

1972இல் அறிமுகமான போர்சு 911 கரேரா ஆர்.எசு. 2.7 மகிழுந்து, சாலைவண்டியில் எடைக்குறைப்புக்குச் சிறந்த சான்றாகும். மெல்லிய எஃகுத் தகடு, மெல்லிய கண்ணாடி, பின்னிருக்கை இன்மை போன்றவற்றால் அதன் இலேசான வகை, வசதிகள் கொண்ட வகையைவிடச் சுமார் 100 கிலோ குறைவாக இருந்தது.

எடையைக் குறைக்கும் போட்டி பாதுகாப்பைக் கெடுக்காதிருக்கவும், செலவைக் கட்டுப்படுத்தவும், பிற்காலத்தில் குறைந்தபட்ச எடை விதிக்கப்பட்டது. பார்முலா 1 பந்தயத்தில் 1995 முதல் ஓட்டுநரின் எடையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. அணிகள் வண்டியை இவ்வரம்புக்கும் கீழாகக் கட்டி, எஞ்சிய எடையை அடர்த்தி மிக்க உலோகத் துண்டுகளாக வேண்டிய இடத்தில் தாழ்வாகப் பொருத்துகின்றன. 2024ஆம் ஆண்டு பெல்சியப் பெரும் பரிசில் முதலாவதாக வந்த சார்ச்சு ரசலின் வண்டி, 798 கிலோ வரம்பைவிட 1.5 கிலோ குறைவாக இருந்தது. ஆகையால் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

தமிழ்நாட்டில்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உள்ள பழைய வானூர்தி ஓடுபாதையில் 1950களிலிருந்து 1980களின் இறுதி வரை பந்தயங்கள் நடைபெற்றன. இறக்குமதி வண்டிகள் அரிதாக இருந்த அக்காலத்தில், பியட், எரால்டு போன்ற உள்நாட்டு வண்டிகளே மாற்றியமைக்கப்பட்டுப் பந்தயத்தில் ஓடின. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு எரால்டு தனிச் சட்டகம் கொண்டது. அதன் உடல் சட்டகத்தின் மீது பொருத்தப்பட்டிருந்தது. இன்றைய மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றில் உடலும் சட்டகமும் ஒன்றே. எனவே அவற்றின் தகடுகளை வெட்டுவது வண்டியின் எலும்பை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எசு. கரிவரதன், இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டார். சாலைவண்டியை மெலியச் செய்வதற்கு மாறாக, மாருதி 800இன் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றைப் புதிதாக வடிவமைத்தார். 1980களின் இறுதியில் உருவான இது பார்முலா மாருதி என அழைக்கப்பட்டது. கதவு, கூரை, பின்னிருக்கை எதுவும் தேவைப்படாத வடிவமாதலால் சிறிய இயந்திரமே போதுமானதாயிற்று, செலவும் குறைந்தது. 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தம் தொடக்கக் காலத்தில் இவ்வகை வண்டியை ஓட்டியவர். கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். 2003இல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த வண்டிகளுடன் போட்டியிடும் பார்முலா பாரத் நிகழ்வும் அங்கு நடத்தப்பட்டு வருகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பந்தய வண்டி

பந்தயத்துக்காக ஊர்தியின் எடையைக் குறைப்பது தமிழர்க்கு மகிழுந்தோடு வந்த பழக்கமன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, திருமயம் வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. மாடுகள் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிக்கப்படுகின்றன. பிரிவுக்கேற்ப ஓட வேண்டிய தொலைவும் மாறுபடும்.

நெல்மூட்டை ஏற்றும் பாரவண்டியோடு பந்தய வண்டியை ஒப்பிட்டால், மேற்கூறிய முறைகள் அனைத்தையும் காணலாம். பக்கச் சட்டங்களும் கூண்டும் இல்லை, இது நீக்கல். சக்கரமும் ஆரக்கால்களும் மெலிந்துள்ளன. இது சுழலும் எடையைக் குறைத்தல். ஓட்டுபவர் அமர்வதற்கு மட்டும் இடம் விட்டு வண்டி சுருக்கப்பட்டுள்ளது, இது மறுவடிவமைப்பு. ஆனால் அச்சும், சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணியும் இங்கும் விடப்படுவதில்லை. கடையாணியை நீக்கினால் குறையும் எடை மிகச் சிறிது. விளையும் கேடு மிகப் பெரிது.

பாதுகாப்பு

மகிழுந்திலும் கடையாணியை ஒத்த பாகங்கள் பல உள்ளன. கதவுக்குள் உள்ள மோதல் தடுப்புத் தண்டு, முன்முனையில் உள்ள மோதல் தாங்கி, காற்றுப்பைகள், இருக்கைப்பட்டை, தலைத்தாங்கி ஆகியன எடை மிக்கவை. இயல்பான ஓட்டத்தில் இவற்றுக்கு வேலையில்லை என்பதால் நீக்கத்தக்கவை போலத் தோன்றுகின்றன. முறையான பந்தய வண்டியில் இவற்றுள் சில நீக்கப்பட்டாலும், பதிலாக எஃகுக் குழாய்களாலான பாதுகாப்புக் கூண்டு, பல்முனை இருக்கைப்பட்டை, தீயணைப்பான் ஆகியன சேர்க்கப்படுகின்றன. ஓட்டுநர் தலைக்கவசமும் அணிகிறார். கூண்டு மட்டுமே பல பத்துக் கிலோ எடை கொண்டது. அதாவது குறைத்த எடையின் ஒரு பகுதி, உயிர்காப்புக்காக மீண்டும் ஏற்றப்படுகிறது. தலைக்கவசமின்றிப் பொதுச்சாலையில் செல்வோர்க்கு இக்கூண்டே இடராகலாம். மோதலின்போது தலை எஃகுக் குழாயில் மோத வாய்ப்புண்டு.

பொதுச்சாலையில் எடை குறைந்த வண்டிக்கு மற்றொரு பாதகமும் உண்டு. 700 கிலோ வண்டியும் 1,400 கிலோ வண்டியும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, இரண்டும் கனமான வண்டி சென்ற திசையில் 20 கி.மீ. வேகத்தில் நகரும். கனமான வண்டியின் வேகமாற்றம் 40 கி.மீ.; இலேசான வண்டியின் வேகமாற்றம் 80 கி.மீ. பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வருவதில்லை. திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலோ மகிழுந்து, பேருந்து, சரக்குந்து என வெவ்வேறு எடையுள்ள வண்டிகள் ஒரே வழியில் செல்கின்றன.

சட்ட நிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் பதிவுபெற்ற வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் தண்டத்தொகையோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே தநா 55 எனப் பதிவெண் தொடங்கும் புதுக்கோட்டை வண்டியாயினும், வேறு எவ்வூர் வண்டியாயினும், அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள் தவிரப் பிறவற்றைச் செய்து பொதுச்சாலையில் ஓட்டுதல் குற்றமாகும். மாற்றங்களைத் தெரிவிக்காவிடின் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் கூடும். எடைக்குறைப்புச் செய்த பந்தய வண்டிகள் பொதுவாகச் சரக்குந்தில் ஏற்றியே பந்தயத் தடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு, பின்பெட்டியில் கிடக்கும் தேவையற்ற பொருள்களை இறக்குவதே சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் உட்பட்ட மிக எளிய எடைக்குறைப்பு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* திறன்-எடை விகிதம்
* ஈர்ப்பு மையம்
* உந்த அழிவின்மை விதி
* பார்முலா 1
* நரேன் கார்த்திகேயன்
* ரேக்ளா பந்தயம்