வளரும் எலும்பில் வரும் புற்று

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய்களில் முக்கியமானவை இரண்டு: ஆஸ்டியோசார்க்கோமா, யூயிங் சார்க்கோமா. இரண்டில் முன்னதே அதிகம் காணப்படுகிறது. ஆனாலும் அது அபூர்வமான நோய்தான். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு நான்கைந்து பேர் என்ற அளவிலேயே வருகிறது. அபூர்வமாக இருப்பதே இந்த நோயின் முதல் ஆபத்து. ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்காமலே ஓய்வு பெறக்கூடும். அதனால் கால்வலி என்று வரும் பிள்ளையைப் பார்த்ததும் இந்த நோய் நினைவுக்கு வருவதில்லை.

ஆஸ்டியோசார்க்கோமா பிள்ளைகள் மளமளவென்று உயரும் வயதில், பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் வருகிறது. எலும்பு வேகமாக வளரும் இடமே அதற்குப் பிடித்த இடம். தொடையெலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்முனை, தோளை ஒட்டிய மேற்கை எலும்பு என்ற வரிசையில் அது தோன்றுகிறது. பாதிக்கு மேற்பட்டவை முழங்காலைச் சுற்றியே வருகின்றன. எலும்பை உருவாக்க வேண்டிய செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, முதிராத, ஒழுங்கற்ற எலும்பைச் சுரப்பதே இந்தக் கட்டியின் அடையாளம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஏன் வந்தது என்று சொல்ல முடிவதில்லை. விழித்திரைப் புற்று வந்து பிழைத்த சில குழந்தைகளுக்கும், டிபி53 மரபணுக் குறையைப் பரம்பரையாகப் பெற்ற குடும்பங்களுக்கும் அபாயம் கூடுதல். வேறொரு புற்றுக்காகக் கதிர்வீச்சு பெற்ற எலும்பிலும் பல ஆண்டுகள் கழித்து வரலாம். விளையாடும்போது பட்ட அடி இதற்குக் காரணமல்ல. அடிபட்ட இடத்தைக் கவனிக்கும்போது, ஏற்கெனவே அங்கிருந்த கட்டி கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். பிள்ளையை ஓடவிட்டது தங்கள் குற்றம் என்று நொந்துபோகும் பெற்றோரிடம் இதை அழுத்திச் சொல்வது மருத்துவரின் கடமை.

யூயிங் சார்க்கோமாவை 1921-இல் தனி நோயாக எடுத்துக்காட்டியவர் நியூயார்க் நோயியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங். இது நீள எலும்புகளின் நடுத்தண்டிலும், இடுப்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றிலும் அதிகம் வரும். 11-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் கலப்பு மரபணுவே பெரும்பாலான நோயாளிகளில் இதை இயக்குகிறது. பெற்றோரிடமிருந்து வருவதல்ல அது; அந்தச் செல்லில் மட்டும் நேர்ந்த மாற்றம். யூயிங் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கலாம், இடம் சிவந்து சூடாகலாம், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அளவு ஏறியிருக்கலாம். எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்துப் பல வாரங்கள் வீணாவது இதனால்தான்.

இரண்டுக்கும் பொதுவான முதல் அறிகுறி வலி. வளரும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் கால்வலி இரண்டு கால்களிலும் மாறிமாறி வரும். மாலையிலோ இரவிலோ தோன்றிக் காலையில் மறைந்துவிடும். மறுநாள் பிள்ளை வழக்கம்போல் ஓடும். புற்றுநோயின் வலி ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் நிற்கும். வாரக்கணக்கில் நீடித்து, போகப்போகக் கூடி, தூக்கத்தையும் கெடுக்கும். பிறகு வீக்கம், நொண்டல், மூட்டை மடக்க முடியாமை ஆகியவை சேரும். சிலருக்கு லேசாகத் தடுக்கி விழுந்ததுமே எலும்பு முறிந்து, அப்போதுதான் நோய் தெரியவரும். இடையில் வலி சில நாள் தணிவதும் உண்டு. அந்தத் தணிவை நம்பிக் காத்திருப்பது தவறு.

தமிழ்நாட்டில் இந்தக் கட்டத்தில்தான் காலம் அதிகம் கழிகிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவது, எண்ணெய்க்கட்டு, புத்தூர்க் கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கட்டி கைக்கு அடங்காமல் வளர்ந்த பிறகு மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. காரணம் தெரியாத எலும்பு வீக்கத்தை நீவவே கூடாது. ஒரே இடத்து எலும்பு வலி இரண்டு மூன்று வாரத்தில் விடவில்லை என்றால் தேவைப்படுவது ஒரு சாதாரண எக்ஸ்ரே. அது தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கிறது, செலவும் சொற்பம். அதில் எலும்பு அரிக்கப்பட்டிருப்பதும், எலும்புறை தூக்கப்பட்டு முக்கோணமாக நிற்பதும், புதிய எலும்பு கதிர் கதிராக வெளியே நீள்வதும் தெரியும். யூயிங் என்றால் எலும்புறை வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகக் காணப்படலாம்.

அடுத்து வருவது எம்ஆர்ஐ. வலிக்கும் இடத்தை மட்டுமல்லாமல் அந்த எலும்பு முழுவதையும் படமெடுக்க வேண்டும். கட்டி அதே எலும்பில் விட்டுவிட்டு இன்னோரிடத்திலும் இருக்கலாம். நுரையீரலுக்குச் சிடி ஸ்கேன் அவசியம், ஏனெனில் ஆஸ்டியோசார்க்கோமா முதலில் பரவுவது அங்கேதான். யூயிங்கில் எலும்பு மஜ்ஜையையும் மற்ற எலும்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவை முடிந்த பிறகே பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. சிறிய வேலை போலத் தோன்றினாலும் கால் தப்புமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான். ஊசி சென்ற வழியெங்கும் புற்றுச் செல்கள் சிந்தியிருக்கலாம் என்பதால், பின்னர் கட்டியை எடுக்கும்போது அந்த வழியையும் சேர்த்தே வெட்டியெடுப்பது வழக்கம். தவறான இடத்தில் குத்தினாலோ கத்தி வைத்தாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும் இழக்க நேரும். அமெரிக்காவில் ஹென்றி மான்கின் தலைமையில் 329 நோயாளிகளை ஆராய்ந்து 1982-இல் வெளியான ஆய்வு, பயாப்ஸியில் நேர்ந்த பிழைகளால் 4.5 சதவீதம் பேர் தேவையின்றிக் கை அல்லது காலை இழந்ததாகக் காட்டியது. சிகிச்சை அளிக்கும் மையத்தில் செய்ததைவிட, அனுப்பிவைத்த மருத்துவமனைகளில் செய்த பயாப்ஸிகளிலேயே பிழைகள் பல மடங்கு அதிகம். ஆகவே எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்ததும் கத்தியைத் தொடாமல், எலும்புக் கட்டிகளைக் கையாளும் மையத்துக்குப் பிள்ளையை அனுப்புவதே சரி. கடைசி அறுவை சிகிச்சையைச் செய்யப்போகும் குழுவே பயாப்ஸியும் செய்ய வேண்டும்.

1970-களுக்கு முன் ஆஸ்டியோசார்க்கோமாவுக்கு இருந்த சிகிச்சை காலை எடுப்பது ஒன்றுதான். அப்படி எடுத்தும் ஐந்தில் நால்வர் இறந்தனர். காலில் கட்டி கண்டுபிடிக்கப்படும்போதே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலுக்குச் சென்றுவிட்டிருந்ததே காரணம். 1972 வாக்கில் பாஸ்டனில் நார்மன் ஜாஃபே, மெத்தோட்ரெக்சேட் மருந்தை மிக உயர்ந்த அளவில் செலுத்தி, அதன் நச்சை லூக்கோவோரினால் முறிக்கும் முறையைக் கையாண்டார். அட்ரியாமைசினும் சிஸ்பிளாட்டினும் பின்னர் சேர்ந்தன. கீமோதெரபியால் உண்மையில் பயன் உண்டா என்ற வாதம் 1986 வரை ஓயவில்லை. அந்த ஆண்டு வெளியான அமெரிக்கப் பன்மைய ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம் பேரே இரண்டாண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தனர். கீமோவும் பெற்றவர்களில் அது 66 சதவீதம்.

ஆஸ்டியோசார்க்கோமா வந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் இந்த மாறுதலின் நடுவில் வாழ்ந்தவர். 1977-இல், 18 வயதில், வலது கால் முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்டது. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றும், இரண்டாண்டு முன்பு வந்திருந்தால் 15 சதவீதமே என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டியே ஆக வேண்டும் என்ற உறுதி அதிலிருந்து பிறந்தது. 1980 ஏப்ரல் 12 முதல் செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகரருகே நின்றார். 1981 ஜூன் 28 அன்று, 22 வயதில் காலமானார்.

அறுவைக்கு முன்பே கீமோ கொடுக்கும் இன்றைய முறை ஒரு காத்திருப்பிலிருந்து வந்தது. 1970-களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் காலை வெட்டாமல் உலோக மூட்டு பொருத்தத் தொடங்கினர். ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்யும் அந்த மூட்டு வந்துசேர மாதங்கள் ஆயின. அதுவரை நோயை வளரவிடக் கூடாது என்று ஜெரால்ட் ரோசன் குழுவினர் கீமோவைத் தொடங்கினர். பிறகு எடுத்த கட்டியைச் சோதித்தபோது, 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் மடிந்திருந்தால் அந்தப் பிள்ளையின் எதிர்காலம் நன்றாக இருப்பது தெரிந்தது. குறைவாக மடிந்தவர்களுக்கு மருந்தைக் கூட்டினால் பயன் உண்டா என்று 17 நாடுகளில் நடந்த யூராமோஸ் ஆய்வு பார்த்தது. பயன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. பரவாத நோயில் மூவரில் இருவர் அளவில் பிழைக்கிறார்கள். அந்த அளவு பல ஆண்டுகளாக மேலே ஏறவில்லை என்பது வருத்தத்துக்குரியது. உயர் அளவு மெத்தோட்ரெக்சேட்டுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் அது எளிதல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை அந்த மருந்தைத் தவிர்த்து, அட்ரியாமைசின், சிஸ்பிளாட்டின், ஐஃபோஸ்ஃபமைடு கொண்ட திட்டத்தை வகுத்துப் பின்பற்றுகிறது.

இன்று பெரும்பாலோருக்குக் கால் காப்பாற்றப்படுகிறது. கட்டியுள்ள எலும்பைச் சுற்றியுள்ள நல்ல திசுவோடு எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பதே பரவலான முறை. இறக்குமதி மூட்டின் விலை எட்டாத ஏழை நோயாளிகளுக்காக, உள்நாட்டிலேயே குறைந்த செலவில் இவற்றைச் செய்வித்துப் பொருத்தியவர் சென்னையின் மயில்வாகனன் நடராஜன். 2007-இல் பத்மஸ்ரீ பெற்றார். சிறு குழந்தைகளுக்கு, மற்ற கால் வளர வளர நீட்டிக்கொள்ளும் மூட்டுகள் உண்டு. சிலருக்கு, முழங்கால் பகுதியை அகற்றி, கீழ்க்காலை முன்பின்னாகத் திருப்பித் தொடையோடு இணைக்கிறார்கள். கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும். பார்க்க விநோதமாக இருந்தாலும், செயற்கைப் பாதத்துடன் பிள்ளை ஓடியாட முடிகிறது. முக்கிய ரத்தக்குழாயும் நரம்பும் கட்டிக்குள் சிக்கியிருந்தால் காலை எடுப்பதே உயிர் காக்கும் வழி.

யூயிங் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆஸ்டியோசார்க்கோமா அப்படியல்ல. எனவே அறுவைக்கு எட்டாத இடுப்பு, முதுகெலும்புக் கட்டிகளில் யூயிங் நோயாளிக்குக் கதிர்வீச்சு பெரும் துணை. நுரையீரலுக்குப் பரவிய நோயில் பிழைப்பவர்கள் குறைவு. ஆனாலும் ஆஸ்டியோசார்க்கோமாவில் நுரையீரல் முடிச்சுகளை முழுமையாக வெட்டியெடுக்க முடிந்தவர்களில் கணிசமானோர் குணமாகிறார்கள். பரவிவிட்டது என்றதும் வீட்டுக்கு அழைத்துச் செல்வது அவசர முடிவு.

சிகிச்சை முடிந்த பின்னும் கண்காணிப்பு நீள்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை நுரையீரலைப் படமெடுக்க வேண்டும். அட்ரியாமைசின் இதயத்தையும், சிஸ்பிளாட்டின் செவியையும், ஐஃபோஸ்ஃபமைடு சிறுநீரகத்தையும் கருவளத்தையும் பாதிக்கலாம். பருவமடைந்த ஆண்பிள்ளைகளுக்குக் கீமோ தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்கும் வழியை மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும். உலோக மூட்டு தளரலாம், அதில் கிருமி தொற்றலாம். அதைப் பெற்ற இளைஞர்களில் பலருக்கு வாழ்நாளில் மறுபடியும் அறுவை தேவைப்படும்.