மார்பக இம்ப்ளாண்ட் கல்லு மாதிரி இறுகுதா? காரணம் இந்த ‘தழும்பு உறை’தான்!

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் அறுவை சிகிச்சையும் இலவசம் என்று 2018-ல் அறிவிப்பு வந்தபோது நாடே பேசியது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கு மறுசீரமைப்பு அங்கே அதற்கு முன்பே நடந்து வந்தது. அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த சி.விஜயபாஸ்கர், புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன வரலாம் என்பதைத்தான் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதே மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலையிலிருந்து ஒரு பெண் சென்னைக்குப் போய் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு பக்கம் கெட்டியாகிறது. கேன்சர் திரும்பிடுச்சோ என்று பயம். யார்கிட்ட சொல்றது என்று கூச்சம்.

உள்ளே என்ன நடக்குது?

வெளிப்பொருள் எது உள்ளே போனாலும், உடம்பு அதைச் சுற்றி மெல்லிய தழும்புத் திசுவால் உறை கட்டும். பேஸ்மேக்கருக்கும் இதேதான். அதுவரை சிக்கல் இல்லை. சிலருக்கு அந்த உறை தடித்து, சுருங்கி, இம்ப்ளாண்டை இறுக்கிப் பிடிக்கும். இதுதான் ‘கேப்சுலர் கான்ட்ராக்ச்சர்’. இதை ‘பேக்கர்’ அளவுகோலில் 4 நிலையாகப் பிரிப்பார்கள். 2-ல் லேசான கெட்டி. 3-ல் வடிவம் மாறுவது கண்ணுக்கே தெரியும். 4-ல் வலியும் சேரும்.

கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஆபத்து அதிகம். இம்ப்ளாண்டைச் சுற்றி ரத்தம் கட்டினாலும், கிருமித்தொற்று வந்தாலும் இப்படி ஆகலாம்.

எண்ணெய் தேய்த்து நீவலாமா?

இறுகினதை அமுக்கி உடைக்கப் பார்க்காதீங்க! ஒரு காலத்தில் டாக்டர்களே கையால் அழுத்தி உறையை உடைத்தார்கள். இம்ப்ளாண்டே கிழியும், ரத்தம் கசியும் என்பதால் அதைக் கைவிட்டார்கள். முற்றிய நிலையில் ஆபரேஷன்தான்: உறையை அகற்றி புது இம்ப்ளாண்ட் வைப்பார்கள், அல்லது வயிறு, முதுகுத் திசுவை எடுத்து மார்பகத்தை அமைப்பார்கள்.

எப்போ உடனே போகணும்?

காய்ச்சல், சிவப்பு, புதுக் கட்டி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பல வருஷம் கழித்து திடீரென வீங்கினாலும்தான். இம்ப்ளாண்டைச் சுற்றி அரிதாக வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கலாம். இந்தக் காரணத்தால்தான் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ‘பயோசெல்’ இம்ப்ளாண்ட்களை அலர்கான் நிறுவனம் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அறிகுறியே இல்லாதவர்கள் பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை என்றும் அப்போதே அமெரிக்க எஃப்.டி.ஏ. சொன்னது.

முதல் பரிசோதனைக்கே சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் பற்றிக் கேளுங்க. ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த இம்ப்ளாண்ட் கார்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க. எந்த கம்பெனி, எந்த வகை என்று டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.