கோலியஸ் கிழங்குக்கும் ‘பாயிண்ட்’ வேண்டாமா?

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கு ‘பாயிண்ட்’ கணக்கில் விலை. ஆலையில் மாவுச்சத்தை அளந்து, இத்தனை பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அளவில் தகராறு வருவதும் உண்டு. அதே செம்மண்ணில் ஆத்தூர் வட்டாரத்தில் விளையும் கோலியஸுக்கு, அதாவது மருந்துக் கூர்க்கனுக்கு, தகராறு செய்யக்கூட அளவு கிடையாது. பெரும்பாலும் ஒப்பந்தச் சாகுபடி. காய்ந்த கிழங்குக்குக் கிலோ விலை, அவ்வளவுதான்.

மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கோலியஸ் நம் மலைச்சரிவுகளில் தானாகவே வளரும் செடி, சிறுகிழங்கின் உறவுக்காரன். குஜராத்தில் ஊறுகாய் போடுகிறார்கள். நம் பக்கம் அடுப்படிக்கு வராமல் நேரே மருந்து நிறுவனங்களுக்குப் போய்விடுகிறது.

காரணம், அதிலுள்ள ஃபோர்ஸ்கோலின். 1970களில் மும்பையின் ஹெக்ஸ்ட் ஆய்வகமும் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைப் பிரித்தெடுத்தன. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், கண் அழுத்தத்தைக் குறைக்கும். இதிலிருந்து உருவான இதய மருந்து ஜப்பானில் புழக்கத்துக்கு வந்தது. வெளிநாட்டில் பரபரப்பாக விற்பது என்னவோ எடைக்குறைப்பு மாத்திரையாகத்தான். 2005இல் 30 ஆண்களிடம் நடந்த சோதனையில் உடல் கொழுப்பு குறைந்தது. அதே ஆண்டு 23 பெண்களிடம் நடந்ததில் எடை குறையவில்லை. இந்தச் சோதனைகளை நம்பி நான் ஒரு மாத்திரைகூட வாங்கமாட்டேன். ஆனால் நம் விவசாயியின் விலை இந்த மாத்திரை மோகத்தோடு ஏறி இறங்குகிறது.

சாகுபடிக்கு விதை தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீள நுனித்தண்டைக் கிள்ளி, இரண்டடி இடைவெளிப் பாரில் நட்டால் வேர்பிடிக்கும். பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் கிழங்கு பருக்காது. வேரழுகலும் நூற்புழுவும் பெரிய தொல்லை. ஆறு மாதத்தில் எக்டேருக்கு 15 முதல் 20 டன் பச்சைக் கிழங்கு வரும். நறுக்கி வெயிலில் காயவைத்தால் மிஞ்சுவது இரண்டு டன் சொச்சம்.

ஃபோர்ஸ்கோலின் சேர்வது வேரின் மேற்பட்டைச் செல்களில், எண்ணெய்த் துளிகளாக. ஒடித்துப் பார்த்தால் ஈரம் தெரியும், சத்து தெரியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். சத்து மிகுந்த ரகத்தை நட்டவருக்கும் சத்தில்லாததை நட்டவருக்கும் கிலோவுக்கு ஒரே காசு என்றால், நல்ல ரகம் தேட யாருக்கு அக்கறை வரும்?

2017இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஃபோர்ஸ்கோலினை ஈஸ்ட்டிலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். அது மலிவாகிக் கிழங்கின் தேவை குறையும் முன், ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலோ ஆத்தூர் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ ஒரு பரிசோதனை வசதி வந்தால் நல்லது. அதுவரை, மேல்தோலைச் சுரண்டாமல் காயவைப்பதும், சத்துக்கேற்ற விலையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்பதும்தான் விவசாயி கையில் உள்ளவை.