சுவரில் பூத்தது பாசியா, உப்பா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மீஞ்சூரில் பல வீடுகளின் வெளிச்சுவர் பச்சை பிடித்துவிடும். அது பாசி. கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. வெள்ளைத் தூளாகப் பூத்தால் உப்பு. கடல்நீர் நிலத்தடியில் புகுந்த ஊராயிற்றே!

பாசிக்கும் பூஞ்சைக்கும் 1 பங்கு பிளீச் திரவத்தில் 10 பங்கு தண்ணீர் கலந்து தடவுங்கள். கையுறை அவசியம். கால் மணி நேரம் ஊறியதும் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே போதும்.

உப்புக்கென்று ஆசிட்டை எடுத்து பிளீச்சோடு கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே உலை வைத்துவிடும்.

சன்ஷேடு விரிசலையும் மாடிக் குழாய்க் கசிவையும் அடைக்காமல் பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தால் காசுதான் கரியாகும். ஈரம் இருக்கும்வரை பாசியும் இருக்கும். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பிரஷ்ஷை எடுங்கள்.