வானூர்திச் சுழலிப் பொறிகளில் எரிபொருள் கசிவும் தீத்தடுப்பும்

வானூர்திச் சுழலிப் பொறித் தீத்தடுப்பு என்பது, பொறிக்குச் செல்லும் எரிபொருள் கசியாமலும், கசிந்தால் தீப்பற்றாமலும், தீப்பற்றினால் பரவாமலும் காக்கும் வடிவமைப்பு, பராமரிப்பு முறைகளைக் குறிக்கும். திருத்தணிக்கு அருகே அரக்கோணத்தில், இந்தியக் கடற்படையின் ஐ. என். எஸ். ராஜாளி வானூர்தித் தளம் 1992 இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 2017 வரை பறந்த டு-142 வானூர்தியில் முற்செலுத்திகளைச் சுழற்றும் நான்கு சுழலிப் பொறிகள் இருந்தன. 2013 முதல் பறக்கும் பி-8ஐ வானூர்தியில் இரண்டு தாரைப் பொறிகள் உள்ளன. வகை வேறாயினும் இரண்டிற்கும் தீத்தடுப்பின் அடிப்படை ஒன்றே.

கசிவு தீயாகும் விதம்

பயணிகள் வானூர்திகளில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 என்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருள். 38 °செ அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் இதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும். ஏறத்தாழ 210 °செ வெப்பநிலையில் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். எரியறையின் புறச்சுவர் இதைவிடச் சூடாக இருக்கக்கூடும். மேலும், எரிபொருள் குழாய்களில் அழுத்தம் மிகுதி என்பதால் சிறு விரிசலிலிருந்தும் எரிபொருள் நுண்துளிகளாகப் பீச்சப்படும். நுண்துளிகள் எளிதில் தீப்பற்றும்.

வடிவமைப்பு

பொறியைச் சுற்றியுள்ள பகுதி தீச்சுவரால் இறக்கையிலிருந்து பிரிக்கப்படுகிறது. தீச்சுவர் 1100 °செ சுடரை 15 நிமிடங்கள் தாங்கவேண்டும். ஆபத்தான இடங்களில் குழாய்களுக்கு இரட்டைச்சுவர் இடப்படுகிறது; உட்குழாயில் கசியும் எரிபொருள் வெளியுறை வழியே வடிகாலுக்குச் செல்லும். பொறியுறைக்குள் ஓடும் காற்று, ஆவி தேங்காமல் வெளியேற்றும்.

கண்டறிதலும் அணைத்தலும்

பொறியைச் சுற்றி அமைந்த வெப்ப உணரிகள் தீயைக் கண்டறிந்து விமானிக்கு எச்சரிக்கை தரும். விமானி தீக் கைப்பிடியை இழுத்தால் எரிபொருள், நீரியல் திரவ வால்வுகள் மூடப்படும், மின்னாக்கியும் துண்டிக்கப்படும். அதன்பின் ஆலோன் வளிமம் செலுத்தப்படும். எரிபொருளை நிறுத்துவதே முதற்படியாகும். அது நிற்காவிடில் அணைந்த தீ மீண்டும் பற்றும்.

பராமரிப்பு

குழாய் இணைப்புகளைக் குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்குதல், பூட்டுக்கம்பி இடுதல், கசிவுத் தடுப்பு வளையங்களை மாற்றுதல், குழாய்களுக்கிடையே இடைவெளியைச் சரிபார்த்தல் ஆகியன முதன்மையான பணிகளாகும். இடைவெளி குறைந்தால் நேரும் விளைவை ஏர் டிரான்சாட் 236 நிகழ்வு காட்டியது. 2001 ஆகத்து 24 அன்று, பொருந்தாத நீரியல் குழாயுடன் பொருத்தப்பட்டிருந்த வலப்புறப் பொறியில் எரிபொருள் குழாய் உராய்ந்து உடைந்தது. கசிவு என உணராத விமானிகள் இடப்புற எரிபொருளையும் அப்பொறிக்குத் திருப்ப, அதுவும் வீணாயிற்று. இரு பொறிகளும் நின்றபின் வானூர்தி மிதந்து சென்று அசோர்சுத் தீவுகளில் தரையிறங்கியது. 306 பேரும் உயிர் பிழைத்தனர்.

சிங்கப்பூர் நிகழ்வு, 2016

2016 சூன் 27 அன்று, சிங்கப்பூரிலிருந்து மிலான் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 368, வலப்புறப் பொறியில் எண்ணெய் அளவு குறைந்ததாகக் காட்டியதால் திரும்பியது. சாங்கியில் தரையிறங்கியதும் பொறியில் தீப்பற்றி இறக்கைக்குப் பரவியது. தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்தனர். 241 பேரும் தப்பினர். எரிபொருளைக் கொண்டு எண்ணெயைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியில் ஒரு குழாய் விரிசலுற்று, எரிபொருள் எண்ணெயில் கலந்து பொறியின் பிற பகுதிகளுக்குப் பரவியதாகப் புலனாய்வு கண்டது. கசிவு வெளியே தெரியும் இடத்தில்தான் நிகழும் என்பதில்லை. எண்ணெய் அளவியில் தோன்றும் மாற்றமும் எரிபொருள் கசிவின் அறிகுறியாகலாம்.