நடைக்கும் ஓட்டத்திற்கும் குழந்தைத் தள்ளுவண்டி: வாங்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தை பிறந்த பின்னரும் காலை நடையையோ மெல்லோட்டத்தையோ விடாமல் தொடர விரும்பும் பெற்றோர் பலர். அது நல்ல விருப்பமே. ஸ்ட்ரோலர் எனப்படும் தள்ளுவண்டி அதற்கு உதவவும் செய்யும். ஆனால், ‘எந்த வண்டி வாங்கலாம்?’ என்ற கேள்விக்கு முன்பாக, ‘குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டதா?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் விலை, நிறம், மடிக்கும் வசதி ஆகியவை எல்லாம் அதன் பின்னரே.

வயதும் கழுத்தும்

பச்சிளங்குழந்தையின் தலை, உடலின் பிற பகுதிகளோடு ஒப்பிடும்போது பெரியது, கனமானது. அதைத் தாங்க வேண்டிய கழுத்துத் தசைகளோ இன்னும் வலுப்பெறாதவை. இத்தகைய குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் உட்கார வைத்தால் தலை முன்புறம் சரிந்து, தாடை மார்பைத் தொடும். அப்போது மூச்சுப்பாதை மடங்கிக் குறுகிவிடும். குழந்தை அழாமலும் திணறல் ஒலி எழுப்பாமலும் இருக்கக்கூடும். பார்ப்பவருக்கு அது அயர்ந்து தூங்குவது போலவே தோன்றும். தள்ளுவண்டி தொடர்பான ஆபத்துகளில் பெற்றோர் மிகக் குறைவாக அறிந்திருப்பது இதுவே.

பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 முதல் 4 மாதங்களுக்குள் கழுத்து நிற்கும். துணையின்றி உட்காருவது 6 மாதத்தை ஒட்டியோ அதற்குப் பின்னரோ நிகழும். எனவே முதல் 6 மாதங்களுக்கு, முதுகுச்சாய்வு ஏறக்குறைய முழுவதும் படுக்கையாக இறங்கும் வண்டியையோ தொட்டில் வடிவ வண்டியையோ மட்டும் பயன்படுத்துங்கள். குடைபோல் மடங்கும் எடை குறைந்த வண்டிகள் இந்த வயதுக்கு உரியவை அல்ல. அவ்வகையை 1965-இல் வடிவமைத்த ஓவன் மெக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். எளிதாக மடித்துத் தூக்கிச் செல்வதே அதன் சிறப்பு. அவற்றில் பலவற்றின் துணி இருக்கை தொய்ந்திருப்பதால், கழுத்து நிற்காத குழந்தைக்குப் போதிய தாங்கல் கிடைக்காது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிரசவத்திற்கு எதிர்பார்க்கப்பட்ட நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, 6 மாதம் நிறைவடையும்போதும் 4 மாதக் குழந்தையாகவே கருதப்பட வேண்டும்.

ஓடுவதற்கு உரிய வண்டி

சாதாரணத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. அதன் முன்சக்கரங்கள் சிறியவை. எல்லாப் பக்கமும் சுழல்பவை. ஒரு சிறு கல் தடுத்தாலும் சக்கரம் திரும்பி வண்டி கவிழலாம். ஓட்டத்திற்கென வடிவமைக்கப்பட்ட வண்டிக்குப் பெரிய சக்கரங்கள் மூன்று இருக்கும். முன்சக்கரத்தைத் திரும்பாதபடி பூட்டும் வசதி, அதிர்வைத் தாங்கும் அமைப்பு, தள்ளுபவரின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வார் ஆகியவை அதில் கட்டாயம் வேண்டும். சரிவில் இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தக் கைப்பிரேக்கும் இருந்தால் நல்லது. மூன்று சக்கரம் இருப்பதால் மட்டும் ஒரு வண்டி ஓட்ட வண்டி ஆகிவிடாது. தயாரிப்பாளரின் கையேட்டில் ஓடுவதற்கு ஏற்றது என எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். எழுதப்படவில்லையெனில் அதை நடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வண்டியே ஆனாலும், குழந்தைக்கு 6 மாதம் நிறையும் முன் அதில் வைத்து ஓட வேண்டாம். குழந்தைநல மருத்துவர்கள் பலர் 8 மாதம் வரை பொறுத்திருக்கச் சொல்கின்றனர். ஒவ்வொரு அடியிலும் எழும் குலுக்கல் வலுவற்ற கழுத்துக்கு நல்லதன்று. தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் குழந்தையைக் காட்டிக் கேட்டுக்கொள்வது முறையாகும்.

தாயின் உடலுக்கும் இதே பொறுமை தேவை. பிரசவத்திற்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் மீள்வதற்குக் காலம் ஆகும். குறைந்தது 12 வாரங்கள் கழியும் வரை ஓட்டம் வேண்டாம். அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குங்கள். ஓடும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தாலும், அடிவயிற்றில் கனம் இறங்குவது போல் இருந்தாலும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பயிற்சியால் சரிசெய்யக்கூடிய குறைபாடு அது. நடைக்கு இத்தனைத் தடை இல்லை. உடல் இடம் கொடுக்கும் அளவுக்கு மெல்ல நடக்கலாம்.

எந்தப் பாதையில் தள்ளப் போகிறீர்கள்?

வண்டி வாங்கும் முன், ஒரு நாள் உங்கள் வழக்கமான பாதையில் வெறுங்கையோடு நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே இருசக்கர வாகனம் நிற்கிறது, எத்தனை இடங்களில் சாலையில் இறங்க வேண்டியிருக்கும் என எண்ணுங்கள். பாதி வழி சாலையில் இறங்கித்தான் போக வேண்டுமெனில், அப்பாதைக்கு எந்த விலையுயர்ந்த வண்டியும் பொருந்தாது. குழந்தையைத் தோளிலோ இடுப்பிலோ தூக்கிச் செல்வதே அங்கு நலம். இதில் குறைவு ஏதுமில்லை. நம் பாட்டிமார் வண்டியின்றித்தான் குழந்தைகளை வளர்த்தனர்.

பூங்கா, கடற்கரை நடைமேடை, அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்சாலை ஆகியவை தள்ளுவண்டிக்கு ஏற்றவை. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் கீழ் 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. உங்கள் ஊர்ப் பாதையில் போக்குவரத்து குறைந்த பகுதியைத் தேர்ந்துகொள்ளலாம். வண்டியில் இருக்கும் குழந்தையின் முகம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் உள்ளது. வாகனங்களின் புகைபோக்கியும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. நெரிசல் மிகுந்த சாலையோரத்தைத் தவிர்க்க இதுவே போதிய காரணம்.

மாடிப்படி ஏற வேண்டிய வீடா, மின்தூக்கி உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓட்ட வண்டிகள் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் வண்டியுமாகப் படியேறுவது ஆபத்து.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரு தோள், இரு இடுப்பு, இரு கால்களுக்கு நடுவே என ஐந்து இடங்களில் பிடிக்கும் வார்ப்பட்டை இருப்பது இன்றியமையாதது. இடுப்பை மட்டும் கட்டும் பட்டையுள்ள வண்டியை வாங்க வேண்டாம். பட்டையை மாட்டிய பின் தோள்பகுதியில் அதைக் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்கிடையே பட்டை மடிந்து வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பிரேக்கை அழுத்திவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சிறிதும் உருளக் கூடாது. கைப்பிடி உங்கள் இடுப்புயரத்தில் அமைய வேண்டும். குனிந்து தள்ளினால் முதுகு வலிக்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 1888, அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 833 ஆகியவற்றில் ஒன்று சிட்டையில் குறிக்கப்பட்டுள்ளதா எனவும் பாருங்கள்.

வண்டியை விரித்து மடிக்கும்போது குழந்தை அருகில் இருக்கக் கூடாது. இது மிகையான எச்சரிக்கை அன்று. மடிப்பு மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான நிகழ்வுகளால், 2009-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளுக்கு மூட்டுறை வழங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, வேறு வகையான சுமார் 20 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பட்டை மாட்டப்படாத சிறு குழந்தைகள் இருக்கைக்கும் முன்தட்டுக்கும் இடையே நழுவிக் கழுத்து சிக்கி உயிரிழந்திருந்தனர்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து, இரண்டு மூன்று வீடுகளில் கைமாறிய வண்டி உங்களுக்குக் கிடைக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தயாரிப்பு ஆண்டையும் மாடல் எண்ணையும் பார்த்து, திரும்பப் பெறப்பட்ட வகையா எனத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபாருங்கள். பட்டையின் கொக்கி தளர்ந்திருந்தாலோ பிரேக் பிடிக்காவிட்டாலோ, அன்பளிப்பே ஆயினும் பயன்படுத்த வேண்டாம்.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டும் பழக்கமும் கைவிடத்தக்கது. குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்புறம் சாயும். குழந்தை இருக்கும்போதே சாய்ந்தால் தலையில் அடிபடும். பொருள்களை இருக்கைக்குக் கீழுள்ள கூடையில் வையுங்கள்.

வாக்கர் எனும் சக்கர இருக்கையைத் தள்ளுவண்டியுடன் சேர்த்துப் பரிசாகத் தருவோர் உண்டு. அதனால் குழந்தை விரைவில் நடக்கும் என்பது தவறான நம்பிக்கை. படிகளில் உருண்டு விழும் ஆபத்தோ உண்மையானது. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. தள்ளுவண்டி மகிழுந்து இருக்கையும் ஆகாது. மகிழுந்தில் 14 வயதுக்குட்பட்டோருக்கு இருக்கைப் பட்டையோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ வேண்டும் என மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது.

வெயிலும் மூடுதுணியும்

வெயில் படாதிருக்கத் துப்பட்டாவையோ துண்டையோ வண்டியின் மேல் போர்த்துவது வழக்கமாக உள்ளது. மெல்லிய துணியேயானாலும் அது காற்றோட்டத்தைத் தடுக்கும். உள்ளே வெப்பம் விரைவாக ஏறும். குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. வண்டியின் மேற்கூரையை மட்டும் விரித்து, கொசுவுக்குக் காற்றுப் புகும் வலையைப் பயன்படுத்துங்கள். கோடையில் காலை 7.30 மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது நலம். வெயிலில் நின்ற வண்டியின் உலோகக் கொக்கி சுடும். குழந்தையை வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம்

குடும்பம் ஓடியாடுகிறது என்பதால் வண்டியில் கட்டப்பட்ட குழந்தையும் ஓடியாடுவதாக ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்திற்கு மேல் வண்டியில் கட்டி வைக்க வேண்டாம் என்கிறது. தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது உங்கள் கண்பார்வையில் குப்புறப் படுக்க வைத்து விளையாட விடவும் அது அறிவுறுத்துகிறது. நடக்கத் தெரிந்த குழந்தையைப் பூங்காவில் இறக்கி விடுங்கள். வண்டியில் கைபேசியைக் கையில் கொடுக்க வேண்டாம்; மரமும் நாயும் பால்காரரும் பார்க்கக் கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

வழியில் குழந்தை தூங்கிவிட்டால் முதுகுச்சாய்வை முழுவதும் இறக்குங்கள். வீடு சேர்ந்ததும், எழுந்துவிடுமே என்று தயங்காமல், வண்டியிலிருந்து எடுத்துச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரவுத் தூக்கத்திற்கு வண்டியைத் தொட்டிலாக்க வேண்டாம்.

வண்டியிலிருந்து குழந்தை விழுந்துவிட்டால்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலையில் அடிபட்டிருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல், உச்சிக்குழி புடைத்தல், கை கால் ஒன்றை அசைக்காதிருத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனடியாக 108-ஐ அழையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் குழந்தையைக் குலுக்கவோ வாயில் தண்ணீர் புகட்டவோ வேண்டாம். கழுத்து அசையாதபடி, விழுந்தது எப்போது எனக் குறித்துக்கொண்டு, அருகிலேயே இருங்கள்.